தீராத கழுத்து, தோள்பட்டை வலி: கப்பிங்கா, பிசியோவா, கைரோவா, வீட்டுப் பயிற்சியா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் நம் தமிழர்கள் கூடும் இடத்தில் கழுத்து வலி என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அக்கா, தோலில் குவளை வைத்து உறிஞ்சும் கப்பிங் போகச் சொல்கிறாள். குடும்ப டாக்டர் பிசியோவுக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, போகச் சொல்கிறார். மருமகன், கழுத்து, முதுகு மூட்டுகளைக் கையால் திருத்தும் கைரோவிடம் ஒரு தடவை போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். ஆயா எதற்கும் ஒரு ஒத்தடம் கொடு என்கிறார். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீட்டில் இதற்கென்று இருக்கும் சேமிப்புப் பணம் வருடப் பாதியிலேயே தீர்ந்துபோயிருக்கும். மீதி இருப்பதை எதில் போடுவது என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

அதிகம் கேட்கப்படுவது கப்பிங் பற்றித்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோள் நிறைய வட்டத் தடங்களோடு குளத்தில் இறங்கியதிலிருந்து உலகம் முழுக்க அதற்கு மவுசு. நமக்கு அது புதிதும் இல்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல் எல்லாம் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களில், தோலைக் கீறி ரத்தம் உறிஞ்சும் ஹிஜாமா தலைமுறை தலைமுறையாக வருகிறது. சீன மருத்துவத்திலும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பிங் வலியைச் சில நாள் தள்ளிவைக்கிறது. அந்தச் சில நாட்களில் கழுத்துக்கும் தோளுக்கும் வலு ஏற்றப் பயிற்சி செய்பவருக்கு அது நல்ல உதவி. பயிற்சி எதுவும் இல்லாமல் மாதாமாதம் போய்ப் படுத்துவிட்டு வருபவருக்கு, முடிவே இல்லாமல் செலவு வைப்பதும் அதுவே. ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

இந்த ஒப்பீடு, மூன்று மாதத்துக்கு மேலாக இருந்துவரும், தசை இறுக்கத்தால் வரும் வலிக்கு மட்டும்தான். கழுத்தின் பின்புறத்திலிருந்து தோள் வரை இறங்கும் தசையும், தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் முடிச்சு மாதிரி நிற்கும் தசையும்தான் பெரும்பாலும் காரணம். தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர், நாள் முழுக்க லாரி ஓட்டுபவர், மடிக்கணினியில் வேலை செய்பவர், கைக்குழந்தையை ஒரே இடுப்பில் வைத்துத் தூக்குபவர் எல்லாருக்கும் இது வரும்.

ஆனால் கையில் பலம் குறைந்து சாமான் நழுவினால், சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால், விபத்தோ விழுந்ததோ நடந்து அதற்குப் பின் வலி வந்தால், முன்பு புற்றுநோய் இருந்திருந்தால், கப்பிங் வேண்டாம், பிசியோவும் வேண்டாம். முதலில் டாக்டர். படி ஏறும்போது இடது தோளிலும் தாடையிலும் வலி எடுத்து, நின்றால் குறைகிறது என்றால் அது இதய வலியாக இருக்கலாம். நம் சமூகத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு வருவதை ஒவ்வொரு குடும்பமும் பார்த்திருக்கிறது. வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காசநோய் மிகுதியாக உள்ள நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. காசநோய் முதுகெலும்பையும் கழுத்தெலும்பையும் பிடிக்கும், இருமலே இல்லாமலும் பிடிக்கும். மாலைக் காய்ச்சல், இரவில் வியர்த்து நனைவது, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத வலி இவை இருந்தால் அரசு கிளினிக்கில் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முதுகில் குவளை வைத்துக்கொண்டு மாதங்களைக் கடத்தினால் எலும்பு அரித்துக்கொண்டே போகும்.

அப்புறம் சர்க்கரை வியாதி. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். கையைப் பின்னால் கொண்டுபோய் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, தலை வார முடியவில்லை, அடுத்தவர் தூக்கிவிட்டாலும் கை மேலே போகவில்லை என்றால் அது வெறும் தசைப் பிடிப்பு இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறையே இறுகிவிட்டது. தானாக விட ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். ஆரம்பத்திலேயே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பிசியோவும் செய்தால் வலி சீக்கிரம் அடங்கும். அந்த ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், கவனித்துக்கொள்ள வேண்டும். கப்பிங்கால் அந்த உறை இளகாது.

எதை வைத்து அளப்பது

எந்தச் சிகிச்சையும் செய்த அன்று நன்றாகத்தான் இருக்கும். அதனால் "போனேன், சுகமாக இருந்தது" என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அந்த மூன்று மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், டாக்ஸி, பெட்ரோல், வேலைக்கு விடுப்பு எல்லாம் சேர்த்து, என்பது இரண்டாவது. என் உடம்புக்கு, அதாவது என் சர்க்கரைக்கும் நான் சாப்பிடும் மாத்திரைக்கும், இது பாதுகாப்பா என்பது மூன்றாவது. செய்பவர் எங்கே பதிவு செய்திருக்கிறார் என்பது நான்காவது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஐந்தாவதுதான்: இது முடிந்ததும் என் வலியை நானே சமாளிக்கக் கற்றுக்கொண்டிருப்பேனா, அல்லது ஆயுள் முழுக்க அடுத்தவர் கையை எதிர்பார்த்திருப்பேனா?

உலர் கப்பிங்

இதில் தோலைக் கீறுவதில்லை. குவளையைத் தோலில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை நெருப்பாலோ கைப் பம்பாலோ குறைக்கிறார்கள். தோலும் அதன் கீழுள்ள சதையும் மேலே உறிஞ்சப்படுகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, சில உடைந்து, ரத்தம் கசிந்து அந்த வட்டத் தடம் வருகிறது. தடம் எவ்வளவு கறுப்போ அவ்வளவு "கெட்ட ரத்தம்" வெளியேறியது என்று சொல்வார்கள். அப்படி இல்லை. அது ரத்தக் கட்டு, அவ்வளவுதான். உறிஞ்சிய வேகமும், வைத்திருந்த நேரமும், உங்கள் தோலின் தன்மையும்தான் அதன் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வைப்பார்கள். எண்ணெய் தடவிக் குவளையை நகர்த்தி நகர்த்தி இழுப்பதும் உண்டு. கழுத்துக்கு அதுதான் இதமாக இருக்கும்.

வலி குறைகிறதா என்றால், குறைகிறது. நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களை வைத்து ஜெர்மனியில் நடந்த ஆய்வுகளில், கப்பிங் செய்துகொண்டவர்கள் எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் அதே நாட்டில் 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வைப் பாருங்கள். 61 பேரில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே துணைவர் கையால் கப்பிங் மசாஜ் செய்துகொண்டார்கள். மற்றவர்கள் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் ஓய்வுப் பயிற்சி செய்தார்கள். வாரம் இரண்டு முறை, 12 வாரம். முடிவில் வலி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. பொதுவான நலவுணர்வில் மட்டும் கப்பிங் பக்கம் கொஞ்சம் மேல். 2016-இல் உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 141 பேரை வைத்துச் செய்ததில், உண்மையான குவளையும், காற்று உள்ளே போகும்படி ஓட்டை போட்ட போலிக் குவளையும் ஒரே பலனைத்தான் தந்தன. அது கழுத்து வலி ஆய்வு இல்லை. ஆனாலும் இதமான தொடுதல், படுத்து ஓய்வெடுப்பது, குணமாகும் என்ற நம்பிக்கை, இவற்றுக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்று தெரிகிறது.

இதைக் கேட்டு யாரும் "அப்போது எல்லாம் பொய்யா?" என்று மனம் விட வேண்டாம். வலி குறைந்தது உண்மை. நானும் செய்துகொண்டிருக்கிறேன், தோள் லேசாகி, அன்று இரவு நன்றாகத் தூங்க முடிந்தது. ஆனால் அது தசைக்கு வலு சேர்ப்பதில்லை. நாற்காலி அதே நாற்காலி, குனிவு அதே குனிவு என்றால் வலி திரும்ப வரத்தான் செய்யும்.

மறைமுகச் செலவுகளில் முதலாவது, "பத்து அமர்வு சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி" என்ற பேச்சு. இரண்டு முறைக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். பலன் தெரிகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். அடுத்தது தடம். ஒன்றிரண்டு வாரத்தில் மறையும் என்றாலும், நம் போன்ற கறுத்த தோலில் அடிக்கடி ஒரே இடத்தில் வைத்தால் கருமை மாதக் கணக்கில் நிற்கும். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே யோசியுங்கள். மூன்றாவது, நெருப்புக் குவளையால் வரும் தீக்காயம். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த தோலில் சுடுவதே தெரியாது. அவர்கள் கைப் பம்பு வைத்த பிளாஸ்டிக் குவளையையே கேட்க வேண்டும்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தத் தட்டணு குறைந்தவர்கள், சொறியோ புண்ணோ உள்ள இடம், கர்ப்பிணிகள்: இவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கப்பிங் வேண்டாம். கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும் யாருக்குமே கூடாது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அங்கேதான் ஓடுகிறது.

எப்போது இது நல்ல தேர்வு? பயிற்சி செய்யவே முடியாத அளவுக்கு இறுக்கம் இருந்து, முதலில் கொஞ்சம் தளர்ந்தால்தான் கையைத் தூக்க முடியும் என்ற நிலையில். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும்.

கீறி ரத்தம் எடுக்கும் கப்பிங்

ஹிஜாமாவை மார்க்கக் கடமையுணர்வோடு செய்துகொள்பவர்களின் நம்பிக்கையை இங்கே எடைபோடவில்லை. கழுத்து வலிக்கு மட்டும் என்று ஒருவர் கேட்டால் சொல்வேன்: வேண்டாம், உலர் கப்பிங்கே போதும். தோலைக் கீறுவதால் கூடுதல் பலன் கிடைக்கும் என்று நம்பும்படியான சான்று இல்லை. கூடுதல் ஆபத்து மட்டும் நிச்சயம். எச்ஐவியோடு வாழ்பவர்கள் உலகிலேயே அதிகம் உள்ள நாடு இது. ஹெபடைட்டிஸ் பி-யும் உண்டு. ஒரே பிளேடு, சரியாகக் கழுவாத குவளை, கையுறை மாற்றாத கை, இவற்றில் ஒன்று போதும்.

செய்துகொள்வதாக முடிவெடுத்தால், பிளேடின் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். குவளையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறிவதாக இருக்கட்டும். ரத்தம் பட்டவை மஞ்சள் நிறக் கூர்பொருள் டப்பாவுக்குள் போகின்றனவா, சாதாரணக் குப்பைக் கூடைக்குப் போகின்றனவா என்று பாருங்கள். குப்பைக் கூடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்த சோகை உள்ளவர்களுக்கும், சர்க்கரையால் புண் ஆறாதவர்களுக்கும் இது கூடவே கூடாது.

நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப்போகிறவர்கள் விரத நாட்களில் ரத்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாடு குறைந்த உடம்பில் தலைசுற்றி விழுவது எளிது. கிளேர்வுட் கோயிலிலோ மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலிலோ ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வெறும் தோளில் காவடி அழுத்தும்போது, ஆறாத கீறல் புண்ணாகி சீழ் வைக்கும்.

பிசியோவும் பயிற்சியும்

தென்னாப்பிரிக்காவில் தனியார் பிசியோவிடம் டாக்டர் சீட்டு இல்லாமலே நேராகப் போகலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. சில மெடிக்கல் எய்ட் திட்டங்கள் மட்டும் பணம் தர டாக்டர் கடிதம் கேட்கும், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் பணம் தரும் ஹாஸ்பிட்டல் பிளான் மட்டும் இருந்தால் வெளியே பார்க்கும் பிசியோவுக்குப் பொதுவாகக் காசு வராது.

ஒரு அமர்வின் விலையைப் பார்த்தால் பிசியோ அதிகம் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சுக்குக் கப்பிங் 400 ராண்ட், பிசியோ 600 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். கப்பிங் மாதம் இரண்டு முறை, மூன்று மாதம் என்றால் 2,400. பிசியோவிடம் நான்கு முறை போனால் அதுவும் 2,400. வித்தியாசம் நான்காவது மாதத்தில் தெரியும். கப்பிங் செலவு தொடரும். பிசியோ நல்லவராக இருந்தால், நான்கு முறைக்குள் உங்களுக்கு வேண்டிய பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, "இனி வீட்டிலேயே செய்யுங்கள், சந்தேகம் இருந்தால் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். உங்கள் ஊர் விலையைக் கேட்டு இதே கணக்கை நீங்களே போடுங்கள்.

இங்கே பல பிசியோக்கள் அதே அமர்வுக்குள்ளேயே கப்பிங்கும் செய்கிறார்கள். நான் நல்ல வழி என்று நினைப்பது இதைத்தான். முதல் பத்து நிமிடம் குவளை, தசை தளர்ந்ததும் பயிற்சி, வீட்டுக்கு ஒரு காகிதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று. கப்பிங்குக்குத் தனியாக ஒரு இடம் தேட வேண்டியதில்லை. சிலர் ஊசி குத்தும் முறையையும் சேர்ப்பார்கள். தோளின் உச்சியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் தொடும் அபாயம் அரிதாக உண்டு, அதனால் அனுபவம் உள்ளவரிடம் மட்டும்.

இதிலும் குறை இருக்கிறது. எல்லா பிசியோவும் பயிற்சி சொல்லித் தருவதில்லை. சூட்டு விளக்கை வைத்துவிட்டு, மின் பட்டையை ஒட்டிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுபவர்கள் உண்டு. இரண்டாவது முறையும் அப்படியே நடந்தால் ஆளை மாற்றுங்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனையில் பிசியோ பிரிவு இருக்கிறது. சாட்ஸ்வொர்த் ஆர் கே கான், ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை இரண்டும் நமக்குப் பக்கம். கிளினிக்கில் சீட்டு வாங்கி, தேதி வாங்கி, காத்திருக்க வேண்டும். கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது, முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இலவசம். இங்கே உங்கள் செலவு காத்திருக்கும் நேரம்தான். முதல் தேதியிலேயே வீட்டுப் பயிற்சியை எழுதிக் கேட்டு வாங்கிவிட்டால், அடுத்த தேதி தள்ளிப்போனாலும் நஷ்டமில்லை.

வலி வேலையால் வந்தது என்றால், முதலாளியிடம் எழுத்தில் சொல்லுங்கள், டாக்டரிடமும் அப்படியே பதியச் சொல்லுங்கள். வேலையால் வந்த நோய்க்கு அரசின் இழப்பீட்டு நிதி இருக்கிறது. கப்பிங் அறை ரசீதை வைத்து அதைக் கேட்க முடியாது.

கைரோ

கழுத்தைத் திருப்பி "டக்" என்று சத்தம் வரச் செய்வதுதான் கைரோ என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கைரோ அதோடு தசையையும் பார்ப்பார், பயிற்சியும் தருவார். 2012-இல் அமெரிக்காவில் 272 பேரிடம் நடந்த ஆய்வில் கழுத்தைத் திருத்தும் சிகிச்சை, மாத்திரையைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் வீட்டுப் பயிற்சி அதற்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது. அதுவும் மூன்று மாதத்துக்குள் இருந்த வலிக்கு. வருடக் கணக்கான வலிக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

கழுத்தை வேகமாகத் திருப்புவதில் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிது, ஆனால் வந்தால் பெரிது. மென்மையான முறையில் செய்யச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எலும்புத் தேய்வு, முடக்குவாதம் உள்ளவர்கள் கழுத்தைத் திருப்பவே விட வேண்டாம்.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கைரோ படிப்பு நடத்துகிறது. அங்கே மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் பார்க்கும் பகல் கிளினிக்கும் இருக்கிறது. வெளியே கேட்பதைவிடக் கட்டணம் குறைவு. மாணவர்கள் என்பதால் முதல் பரிசோதனைக்கு நிறைய நேரம் எடுத்துக்கொள்வார்கள். நாள்பட்ட வலிக்காரருக்கு அது நல்லதுதான்.

மசாஜ்

இதமான தேர்வு, ஆனால் அளவு முக்கியம். 2014-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட கழுத்து வலிக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் 60 நிமிடம் என்று செய்தவர்களுக்கே நல்ல பலன். 30 நிமிட மசாஜ் பெரிதாக எதுவும் தரவில்லை. வாரம் மூன்று மணி நேர மசாஜுக்குப் பணம் கட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்? மால் நடுவே நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுக்கும் பத்து நிமிடத்தை வலிச் சிகிச்சையாக எண்ண வேண்டாம். வீட்டில் எண்ணெய் தேய்த்துவிட ஆள் இருந்தால், அந்தத் தொக்கணம் கடை மசாஜுக்குக் குறைந்ததில்லை.

வீட்டுப் பயிற்சி

டென்மார்க்கில் 198 அலுவலக ஊழியர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது, 2011-இல் வெளியானது. எலாஸ்டிக் பட்டையை வைத்து ஒரே ஒரு பயிற்சி. ஒரு குழு நாளுக்கு 2 நிமிடம், இன்னொரு குழு 12 நிமிடம், வாரம் ஐந்து நாள், 10 வாரம். இரண்டு குழுவுக்கும் கழுத்து, தோள் வலி குறைந்தது. 2 நிமிடம் செய்தவர்களுக்கும்! எனக்கு இதைவிட நம்பிக்கை தந்த செய்தி இந்த விஷயத்தில் வேறில்லை.

செய்வது எளிது. பட்டையின் நடுவில் காலை வைத்து நில்லுங்கள். இரண்டு முனைகளையும் கைகளில் பிடியுங்கள். முழங்கையைச் சற்றே மடக்கி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம் வரை மெதுவாகத் தூக்குங்கள், மெதுவாக இறக்குங்கள். தோளைக் காதுவரை சுருக்காதீர்கள். களைப்பு வரும் வரை, அல்லது இரண்டு நிமிடம். முதல் வாரம் தசை கொஞ்சம் வலிக்கும், அது இயல்பு. கத்தி குத்தியது போலச் சுரீர் என்றாலோ, கை மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டுப் பிசியோவிடம் காட்டுங்கள்.

பட்டையை மருந்துக் கடையிலோ விளையாட்டுச் சாமான் கடையிலோ ஒரு தடவை வாங்கினால் மாதக் கணக்கில் வரும். கூடவே ஒத்தடம். அதற்கு மின்சாரச் சூட்டுப் பட்டையைவிட, மின்வெட்டு வந்தாலும் கைகொடுக்கும் வெந்நீர்ப் பைதான் நல்லது. வேலை செய்யும் இடத்தையும் மாற்றுங்கள்: திரையைக் கண் உயரத்துக்கு ஏற்றுவது, தையல் நாற்காலியின் உயரம், அரை மணிக்கு ஒருமுறை எழுவது. ஆடி மாதக் கூழுக்குப் பெரிய அண்டாவைத் தூக்கும் பெண்கள் அதை இரண்டு பேராகத் தூக்கட்டும், மூன்று பேர் இருந்தால் இன்னும் நல்லது.

இதன் மறைமுகச் செலவு ஒன்றே ஒன்று, விடாமல் செய்ய வேண்டும். அது லேசான காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும். நான்கு வாரம் வரை வித்தியாசமே தெரியாமல் போகலாம். பெரும்பாலானவர்கள் மூன்றாவது வாரத்தில்தான் விடுகிறார்கள்.

மாத்திரை பற்றியும் சுருக்கமாக. மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் கோடீன் கலந்த வலி மாத்திரைகள் பழக்கமாகிவிடும். மாதம் பத்து நாளுக்கு மேல் சாப்பிட்டால் மாத்திரையாலேயே தலைவலி வரும். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாங்க முடியாத சில நாட்களுக்கு மட்டும், டாக்டரைக் கேட்டு.

ஒரே பார்வையில்

| வழி | வலி குறைவது | மூன்று மாதம் கழித்து | மறைமுகச் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| உலர் கப்பிங் | உடனே, சில நாள் | பயிற்சி இல்லாவிட்டால் திரும்பும் | தடம், முன்பணம், தொடர் செலவு | இறுக்கத்தால் பயிற்சி தொடங்க முடியாதவர் |
| ரத்தக் கப்பிங் | உலர் கப்பிங்கை விட மேல் என்று சொல்ல முடியாது | அதே நிலை | தொற்று, கீறல், ரத்த இழப்பு | வலிக்காக என்றால் தேவையில்லை |
| பிசியோ | படிப்படியாக | நீடிக்கும் | முதல் செலவு அதிகம், அரசில் காத்திருப்பு | பெரும்பாலானவர்களுக்கு |
| கைரோ | சீக்கிரம் | பயிற்சி சேர்ந்தால் நீடிக்கும் | அரிதான பெரிய ஆபத்து | எலும்புக் கோளாறு இல்லாதவர், சமீபத்திய வலி |
| மசாஜ் | அன்றே | அடிக்கடி செய்தால் மட்டும் | நேரம், பணம் | வீட்டில் தேய்த்துவிட ஆள் உள்ளவர் |
| வீட்டுப் பயிற்சி | நான்கு வாரத்துக்குப் பின் | நன்றாக நீடிக்கும் | விடாமுயற்சி | எல்லாருக்கும், மேலே சொன்ன எச்சரிக்கை உள்ளவர்கள் தவிர |

உங்கள் நிலைமைக்கு எது

கையில் காசு குறைவு, நேரம் உண்டு என்றால் அரசு மருத்துவமனையில் தேதி வாங்கிவிட்டு, காத்திருக்கும் நாட்களில் பட்டைப் பயிற்சியைத் தொடங்குங்கள். மெடிக்கல் எய்டில் கொஞ்சம் சேமிப்பு மிச்சம் இருந்தால், அதை இரண்டு மூன்று பிசியோ அமர்வுக்கு ஒதுக்குங்கள், கப்பிங்கும் செய்பவராகப் பார்த்து. வண்டி ஓட்டும் அண்ணன்மார்களுக்கு வாரா வாரம் எங்கேயும் போக நேரம் இருக்காது. ஒரு முறை பிசியோவிடம் கற்றுக்கொண்டு, பட்டையை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் போடும் இடத்தில் இரண்டு நிமிடம் போதும்.

எழுபதைத் தாண்டிய பெரியவர்களுக்குத் தோல் மெலிந்திருக்கும், மாத்திரைகளும் பல இருக்கும். அவர்களுக்கு நான் கப்பிங்கையும் கைரோவையும் விட்டுவிடச் சொல்வேன். ஒத்தடம், மென்மையான பயிற்சி, பக்கத்தில் நின்று செய்யவைக்க ஒரு பேரனோ பேத்தியோ, இது போதும்.

கப்பிங் ஏற்கெனவே உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது, விட மனமில்லை என்றால் விட வேண்டாம். மாதம் ஒன்றில் தொடங்குங்கள். அதன் மறுநாளிலிருந்து தொடரும் இதமான நாட்களில் பயிற்சியை ஒரு நாள்கூட விடாதீர்கள். மூன்று மாதத்தில் இரண்டு கப்பிங்குக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இடைவெளி குறைந்தால் பிசியோவிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

படுக்கும் முன் கேட்க வேண்டியவை

பிசியோ என்றால் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். கைரோ, யுனானி திப்பு, சீன மருத்துவம், சிகிச்சை மசாஜ் எல்லாம் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலின் கீழ் வருகின்றன. இரண்டு கவுன்சிலும் பெயரைப் போட்டுத் தேடும் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. சுவரில் மாட்டியிருக்கும் வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழ் அந்தப் பதிவுக்குச் சமமாகாது. மெடிக்கல் எய்டில் பணம் கேட்க வேண்டுமானால் ரசீதில் பிராக்டிஸ் நம்பரும் இருக்க வேண்டும், உட்காரும் முன்பே கேளுங்கள்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன, சர்க்கரை உண்டா, ரத்தம் எளிதில் கட்டுமா என்று அவர் உங்களைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் "படுங்கள்" என்று சொல்பவரிடம் படுக்க வேண்டாம். குவளை வைத்த பிறகு எரிச்சலோ கடுமையான வலியோ வந்தால், "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று அவர் சொன்னாலும் உடனே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பின் கொப்புளம், சீழ், காய்ச்சல் எது வந்தாலும், அல்லது வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், கப்பிங் செய்தவருக்குப் போன் செய்து நேரம் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.